சிறுவர்களுக்கு முதல் பைனாகுலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாள் காலைகளில் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போவது என் வழக்கம். நடை முடிந்ததும் பெற்றோரில் யாராவது ஒருவர் கட்டாயம் ஓரமாக வந்து, "பைனாகுலர் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கோம், அதிகம் செலவழிக்க முடியாது, எதை வாங்கலாம்?" என்று கேட்பார். ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த வயசுல வாங்கிக் கொடுக்கலாம்?

ஏழு, எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நிஜமான பைனாகுலரைக் கையாளத் தொடங்கிவிடுவார்கள். சிலர் ஐந்திலேயே தயார், சிலருக்குப் பத்து ஆகும். வயதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணால் ஒரு பறவையைக் கண்டுபிடித்து, "அந்தக் காய்ந்த கிளைக்கு மேலே, இடது பக்கம்" என்று பிள்ளையால் இடம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வாங்கிக் கொடுக்கலாம். வெறும் கண்ணால் தேடத் தெரியாத பிள்ளைக்குப் பைனாகுலர் கொடுத்தால், இலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது.

நான்கு வயதுக் குழந்தை ஆசைப்பட்டால் ரப்பர் உறை போட்ட விளையாட்டுப் பைனாகுலர் போதும். அதில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

8×42னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 80 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் கொக்கு, 8 மடங்கு பைனாகுலரில் 10 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம், தூக்க வேண்டிய எடையும் அதிகம்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், கண் வைக்கும் லென்ஸில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அதன் விட்டம்தான் இந்த 5.25 மி.மீ. பகல் வெயிலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதனால் 10×25-இன் 2.5 மி.மீ. வட்டமே போதுமென்று தோன்றலாம். பெரியவர்களுக்கு அது ஓரளவு சரி. பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருப்பார்கள், கண் கொஞ்சம் நகர்ந்தாலே அந்தச் சின்ன வட்டத்திலிருந்து விலகி எல்லாம் இருட்டாகிவிடும். அதனால் பிள்ளைகளுக்கு 4 அல்லது அதற்கு மேல் வரும் அளவுகளையே சொல்கிறேன். 8×32-க்கு 4, 6×30-க்கு 5.

பவர் அதிகமா இருந்தா நல்லதுதானே? 12, 16னு வாங்கிடலாமா?

வேண்டாம். நான் அதிகம் வாதாடும் இடம் இதுதான். பைனாகுலர் பறவையை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, கை நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்கும். ஒருமுறை ஒரு பையன் 16 மடங்கு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். ஆற்றோரம் ஒரு மீன்கொத்தி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே கொம்பில் உட்கார்ந்திருந்தது. அவன் தண்ணீரைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், ஆடும் நாணலைப் பார்த்தான், மீன்கொத்தியை மட்டும் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமியின் 6 மடங்கு பைனாகுலரை வாங்கி வைத்தான். "இதோ! வாயில மீன் இருக்கு!" என்று கத்தினான்.

பத்து வயதுக்குள் என்றால் 6 மடங்கு, அதற்கு மேல் 8 மடங்கு. கடையில் 6 கிடைக்காவிட்டால் எல்லா வயதுக்கும் 8. பத்து மடங்கு என்பது கை உறுதியான பதின்ம வயதினருக்கு.

'100×100', '60×60'னு போட்டு மலிவாவே கிடைக்குதே?

அளவுகோலை எடுத்து முன் லென்ஸின் குறுக்களவைப் பாருங்கள். 60 மி.மீ. என்று எழுதியிருக்கும், அளந்தால் 25, 30 இருக்கும். அளக்கக்கூடிய எண்ணிலேயே பொய் சொல்பவர்கள், எளிதில் அளக்க முடியாத முதல் எண்ணில் உண்மை சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் பிடித்துப் பார்க்கும் எந்தப் பைனாகுலரிலும் 60 மடங்கு என்பது பயன்படாது, அதற்கு முக்காலியும் தொலைநோக்கியும் வேண்டும்.

'10-இலிருந்து 30 வரை' என்று ஜூம் செய்யும் மலிவுப் பைனாகுலர்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பார்வை வட்டம் குறுகலாக இருக்கும், ஜூம் செய்யும்போது இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று பிசகிவிடும். 'ஃபோகஸ் செய்யவே வேண்டாம்' என்று விற்பவையும் அப்படித்தான்: தூரத்து மைதானத்தைப் பார்க்கலாம், பத்து மீட்டரில் இருக்கும் சிட்டு மங்கலாகவே இருக்கும்.

பெட்டியில '140 மீ / 1000 மீ'னு இருக்கு. அது எதுக்கு?

1000 மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் உங்கள் பார்வை வட்டத்துக்குள் அடங்கும் என்பது அது. சில பெட்டிகளில் பாகையில் போட்டிருப்பார்கள், 8 பாகை என்றால் ஏறக்குறைய 140 மீட்டர். பக்கத்தில் பார்ப்பதற்கும் அதே விகிதம்தான்: 20 மீட்டர் தள்ளி இருக்கும் மரத்தில் 2.8 மீட்டர் அகலம் தெரியும். 12 மடங்குப் பைனாகுலர்களில் இது பெரும்பாலும் 100 மீட்டருக்கும் கீழே. அந்தப் பையன் மீன்கொத்தியைத் தவறவிட்டதற்கு நடுக்கம் பாதிக் காரணம், குறுகிய வட்டம் மீதிக் காரணம். பிள்ளைகளுக்கு 130-க்கு மேல் இருந்தால் நல்லது.

என் பொண்ணு 'ரெண்டு வட்டமா தெரியுது'ங்கறா. பைனாகுலர் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் அது அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குச் சுமார் 50 மி.மீ.தான். நடுக்கீலை முழுக்க மடக்கினாலும் பல பைனாகுலர்களின் கண் லென்ஸ்கள் 56, 58 மி.மீ.க்குக் கீழே நெருங்காது. அப்போது குழந்தைக்கு இரண்டு தனி வட்டங்கள் தெரியும், அல்லது ஒரு பக்கம் கறுப்பாக இருக்கும். பல பிள்ளைகள் இதைச் சொல்லவும் மாட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "தெரியுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பைனாகுலர் சில வாரங்களில் அலமாரிக்குள் போய்விடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இது.

வீட்டிலேயே அளந்துவிடலாம். பிள்ளையைத் தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லி, மூக்குத்தண்டின் மேல் அளவுகோலைக் கிடையாகப் பிடியுங்கள். ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடுவரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பைனாகுலரின் விவரத் தாளில் 'கண் இடைவெளி' என்று 50–70 அல்லது 56–72 என்பதுபோல ஒரு வரம்பு இருக்கும். முதல் எண் உங்கள் பிள்ளையின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் பைனாகுலரை முழுக்க மடக்கி, இரண்டு கண் லென்ஸ்களின் நடுவிலிருந்து நடுவரை அளவுகோலால் அளந்துகொள்ளலாம். பிராண்டு, பவர், நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

பாக்கெட்ல வைக்கிற மாதிரி குட்டியா இருக்கே, பிள்ளைங்களுக்கு அதுதானே வசதி?

எடை குறைவு என்பது உண்மையான வசதி. 8×42 ஒன்று 600 முதல் 800 கிராம் வரை வரும், எட்டு வயதுக் கழுத்துக்கு அது பாரம். 8×21 அதில் பாதிகூட இருக்காது. ஆனால் 21 மி.மீ. லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் 42 மி.மீ. லென்ஸில் வருவதில் கால் பங்குதான். நல்ல வெயிலில் தெரியாது, அதிகாலையிலும் அடர்ந்த மர நிழலிலும் தெரிந்துவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அதிகாலையில்தான். வெளிச்ச வட்டம் சின்னதாக இருப்பதால் வரும் தொல்லையை 8×42 கணக்கில் சொல்லிவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் 6×30, 8×32 என்று ஒரு வகை இருக்கிறது. எடையும் வெளிச்சமும் பிள்ளைகளுக்குப் பொருந்துவது இங்கேதான். யாராவது என்னிடம் ஒரே வரியில் பதில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நேரான குழாய் ஒண்ணு, தோள்பட்டை மாதிரி அகலமா ஒண்ணு. எது நல்லது?

பிரிசம் என்பது உள்ளே ஒளியை மடக்கித் திருப்பும் கண்ணாடிக் கட்டி. அகலமானது போரோ பிரிசம் வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. நேரானது ரூஃப் பிரிசம். குறைந்த செலவில் போரோவே தெளிவான படம் தரும். ரூஃப் பிரிசத்தின் ஒரு விளிம்பை மிக மிகத் துல்லியமாகத் தீட்ட வேண்டும், அதன் மேல் விசேஷப் பூச்சும் வேண்டும். மலிவு விலையில் இந்த இரண்டிலும்தான் கை வைப்பார்கள். பார்வைக்கு நவீனமாக இருக்கும் குழாய்க்குள் படம் மந்தமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

போரோவின் குறை: மலிவு வகைகள் பெரும்பாலும் மழைக்குத் தாங்காது, கீழே விழுந்தால் சீக்கிரம் பிசகும். ஈரமான இடங்களில் அதிகம் சுற்றும் பிள்ளை என்றால், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து நைட்ரஜன் நிரப்பிய ரூஃப் வாங்கலாம். உள்ளே ஈரம் போகாது, ஆவி படியாது.

பேக்-4, மல்டி கோட்டிங், ரூபி கோட்டிங்... இதெல்லாம் விளம்பரமா, விஷயமா?

முதல் இரண்டும் விஷயம். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அப்படி 10 பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேராது. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றால் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு. வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்கு இருக்கலாம், அவ்வளவே. பேக்-4 என்பது பிரிசத்தின் கண்ணாடி வகை. பைனாகுலரைக் கை தூரத்தில் பிடித்து அந்த வெளிச்ச வட்டத்தைப் பாருங்கள்: முழு வட்டமாக இருந்தால் நல்லது, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் மங்கினால் பிரிசம் மட்டமானது.

ரூபி கோட்டிங் வேண்டவே வேண்டாம். லென்ஸ் சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளியை வெளியே தள்ளுகிறது என்று பொருள், உள்ளே எல்லாம் பச்சை பாய்ந்து தெரியும். மரங்கொத்தியின் சிவப்புக் கொண்டையைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு அது அநியாயம்.

கடையில கையில எடுத்தா எதைச் சோதிச்சுப் பார்க்கணும்?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் முகத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். வாசலுக்கு வந்து தூரத்தில் ஒரு கம்பத்தையோ கட்டடத்தின் நேர் விளிம்பையோ பாருங்கள். ஃபோகஸ் சக்கரம் பிள்ளையின் ஒரு விரலுக்குச் சுழல வேண்டும். கீல் தானாக விரிந்து தொங்கக் கூடாது.

பிறகு, பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாகச் சில சென்டிமீட்டர் விலக்குங்கள். ஒரு விளிம்பு இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரிந்தால் குழாய்கள் இணையாக இல்லை. அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். கண் கொஞ்ச நேரம் சமாளிக்கும், அப்புறம் தலைவலி வரும். நான் ஒருமுறை இதைச் சோதிக்காமல் பிள்ளைகளுக்கென்று இரண்டு வாங்கிவிட்டேன். ஒரு சிறுமி அரைமணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எடுத்துப் பார்த்தேன்.

கண்ணாடி போட்டிருக்கான். கழட்டிட்டுப் பார்க்கணுமா?

கழட்ட வேண்டாம். கண் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பரைக் கீழே மடக்கி அல்லது திருகி இறக்கி, கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்க்கலாம். விவரத் தாளில் 'ஐ ரிலீஃப்', அதாவது கண் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழு வட்டமும் தெரியும் என்ற தூரம், 15 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் வட்டத்தின் ஓரங்கள் தெரியாது, நடுவில் ஒரு துளை வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

எல்லாம் சரியாத்தான் வாங்கினோம். ஆனா பறவையைப் பிடிக்கவே மாட்டேங்கறானே?

பயிற்சிதான். பறவையைக் கண்ணால் பார்த்தபடி, முகத்தை அசைக்காமல், பார்வையைத் தாழ்த்தாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லோரும் முதலில் குனிந்து பைனாகுலரைப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து தேடுவார்கள், அதற்குள் இடம் தவறிவிடும். வீட்டு வாசலில் அசையாத பொருள்களில் தொடங்குங்கள்: ஒரு பூ, ஒரு பலகை எழுத்து, கம்பி மேல் காக்கை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் நடுக்கம் பாதி குறையும்.

வலது கண் லென்ஸில் தனியாக ஒரு வளையம் சுழலும். இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்வது அது. முறைப்படி, வலது முன் லென்ஸை மூடி இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் ஃபோகஸ் செய்ய வேண்டும், பிறகு இடதை மூடி வலதுக்கு அந்த வளையத்தால். சின்னப் பிள்ளைகளோடு இதில் மல்லுக்கட்ட வேண்டாம். வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே சரியாக இருக்கும். தெரியாமல் திருகிவிட்டு 'மங்கலா இருக்கு' என்று சொல்வதுதான் வழக்கமான கதை.

பட்டாம்பூச்சி, தும்பி பார்க்க இதே போதுமா?

விவரத் தாளில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' பாருங்கள். 2 மீட்டர் என்றால் பட்டாம்பூச்சிக்குப் பிரமாதம், 5 மீட்டர் என்றால் பறவைக்கு மட்டும். பூச்சிகள் மேல்தான் ஆசை என்றால் பென்டாக்ஸ் பாப்பிலியோ போல அரை மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும் வகை உண்டு, உங்கள் செருப்பின் மேல் ஊரும் எறும்பையே பார்க்கலாம்.

செலவில்லாத வழி ஒன்று. பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய லென்ஸில் கண்ணை வைத்து, சின்ன லென்ஸை இலைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோங்கள். நல்ல பூதக்கண்ணாடி கிடைத்துவிடும். இலை நரம்பும், பாசியின் நுனியும், வண்டின் காலில் உள்ள மயிரும் தெரியும். இதைக் கற்றுக்கொடுத்த நாளில் பிள்ளைகள் பறவைகளையே மறந்துவிடுவார்கள்.

ராத்திரி நிலா, நட்சத்திரம் பார்க்கலாமா?

தாராளமாக. முழுநிலவைவிட அரை நிலவில் பாருங்கள், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் நிழலோடு நன்றாகத் தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் கண்ணுக்கு ஆறு தெரிந்தால் பைனாகுலரில் பல பத்து தெரியும். சுவரில் சாய்ந்து அசையாமல் பிடித்தால், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளில் ஒன்றிரண்டையாவது 8 மடங்கிலேயே பிடிக்கலாம்.

சூரியனை மட்டும் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. அது விழித்திரையைச் சுட்டுவிடும், அங்கே வலி தெரியாது என்பதால் பிள்ளை விலகவும் மாட்டான். பருந்து வட்டமிடும்போது பின்தொடர்ந்து சூரியனுக்கு அருகே போய்விடும் ஆபத்து உண்டு. பைனாகுலர் கொடுக்கும் அன்றே, முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

பழசு கிடைச்சா வாங்கலாமா?

வாங்கலாம், பழைய போரோக்களில் அருமையானவை உண்டு. பெரிய லென்ஸ் வழியாக டார்ச் அடித்துக் கண் லென்ஸ் பக்கமிருந்து உள்ளே பாருங்கள், கண்ணோடு ஒட்டாமல் தள்ளி வைத்து. சிலந்தி வலைபோலக் கிளைகள் ஓடியிருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நாலு தூசிப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. மற்றபடி கடையில் செய்யச் சொன்ன விளிம்புச் சோதனையும் கண் இடைவெளியும் இதற்கும் பொருந்தும்.

எப்படித் துடைக்கறது, எங்கே வைக்கறது?

சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, மணல் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, அப்புறம் லென்ஸ் துணி. ஈரப்பதமான இடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம். கழுத்துப்பட்டையைப் பைனாகுலர் நெஞ்சில் நிற்கும் அளவுக்குக் குறைத்துக் கட்டுங்கள். வயிறு வரை தொங்கினால், குனியும் போதெல்லாம் பாறையில் இடிக்கும்.

வகுப்புல இருபது பிள்ளைங்க, பத்துகூட வாங்க முடியாது. எப்படிச் சமாளிக்கறது?

இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் நன்று, மூன்று பேருக்கு ஒன்று என்றாலும் நடக்கும். எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும், "நடுச் சக்கரத்தை வலது பக்கம் திருப்புங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஒருவர் பார்க்க, மற்றவர் வெறும் கண்ணால் இடம் காட்டிக் குறிப்பெழுத, பிறகு மாறிக்கொள்ளலாம். இடம் காட்டும் பிள்ளைதான் வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்பது என் அனுபவம். கை மாறும்போது கண் இடைவெளியும் மாறும். கீலின் மேல் ஆளுக்கொரு நிறத்தில் சின்னக் கோடு போட்டுவிட்டால், ஒவ்வொருவரும் தன் கோட்டுக்குத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒரு கண்ணுல பார்வை ரொம்பக் கம்மி. அவளுக்குப் பைனாகுலர் வாங்கறது வீணா?

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒற்றைக் குழாய் மோனோகுலர் வாங்குங்கள். 6 அல்லது 8 மடங்கு, முன் லென்ஸ் 25 மி.மீ.க்குக் குறையாமல். எடை பாதி, கண் இடைவெளிப் பிரச்சினையே கிடையாது. 50 மி.மீ.க்கு மடங்கும் பைனாகுலர் கிடைக்காத சின்னக் குழந்தைகளுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு கையால் குழாயைப் பிடித்து, அந்தக் கையின் ஆள்காட்டி விரலைப் புருவத்தில் ஊன்றி, மறு கையால் முழங்கையைத் தாங்கச் சொல்லுங்கள், ஆடாமல் நிற்கும்.

கண் மருத்துவரிடம் காட்டாத பிள்ளை என்றால் ஒரு விஷயம். முகத்துக்குப் பொருந்தும், சோதித்துப் பார்த்த பைனாகுலரிலும் ஒரு பிள்ளை எப்போதும் ஒரு கண்ணை மூடியே பார்த்தாலோ, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொன்னாலோ, பைனாகுலரை மாற்றுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். எங்கள் நடைக்கு வந்த ஒரு சிறுவனுக்குக் கண்ணாடி தேவை என்பது அப்படித்தான் தெரியவந்தது.